கருவில் நேர்ந்த பஞ்சம்

(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் செப்பம் செய்யப்பட்டது)



கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்த இடைசெவலுக்குப் பக்கத்தில், மழையை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களின் நடுவே நின்று பேசுகிறேன். வைத்தியன் ஒருவன் பேச வந்தால் பத்தியமும் மருந்தும் சொல்லிவிட்டுப் போவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமோ, ஒருவர் பிறப்பதற்கு முன்பே, அவர் தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே தொடங்கிவிடுகிற ஒன்று.

இந்த வட்டாரத்தில் நெடுநாள் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில், என் மனத்தை விட்டு அகலாத ஒரு வகை நோயாளியை முதலில் உங்கள் முன் நிறுத்துகிறேன். வயது நாற்பதை எட்டவில்லை; சிறு பிராயத்திலிருந்தே தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த பெண்; ஒல்லியான கை கால்கள்; எடை பார்த்தால் யாரும் பருமன் என்று சொல்லமாட்டார்கள்; ஆயினும் இடுப்புச் சேலைக்கு மேலே வயிறு மட்டும் சற்றே சரிந்திருக்கும். வலது காற்செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்பது தெரியாமல், பேருந்து நிலையத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருந்தார் அந்த அம்மாள். பாதத்தில் உணர்ச்சி அவ்வளவு குறைந்திருந்தது. சர்க்கரை பார்த்தபோது அது வந்து பல வருஷங்கள் ஆகியிருக்கவேண்டும் என்று தெரிந்தது. "நான் என்ன சாப்பிட்டுட்டேன்னு எனக்கு சுகர் வந்துச்சு, ஐயா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு, நான் படித்த பாடப்புத்தகங்களில் அன்று விடை இல்லை. உண்டு கொழுத்தவர்களின் வியாதி என்றே அவை சர்க்கரை வியாதியை வர்ணித்திருந்தன.

அந்தக் கேள்விக்கு உலகின் பல மூலைகளிலும் நம் தேசத்திலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் திரண்டுள்ள விடையே இன்றைய என் பேச்சின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று நம் நடுவே பெருகியிருக்கும் சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் இருதய நோயும் இன்றைய சாப்பாட்டினால் மட்டும் வந்தவை அல்ல, கருவில் வளர்ச்சி குறுக்கப்பட்ட ஒரு தேகம், பிற்காலத்தில் தான் எதிர்பார்த்திராத மிகுதியைச் சந்திக்கும்போது நேருகிற விபரீதம் இவற்றில் பெரும்பங்கு வகிக்கிறது, ஆகையால் இவற்றைத் தடுக்கும் முயற்சி, தாயாகப் போகிற பெண்ணின் தேகத்தைப் பேணுவதிலிருந்து தொடங்கவேண்டும். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 10.4 பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2011-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. அதே ஆய்வு வரிசையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் அது 14.4 ஆக ஏறியிருந்தது. இனி என் வாதத்தைப் படிப்படியாக வைக்கிறேன்.

1. பதிவேடுகள் சொன்ன சாட்சி

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911-ஆம் ஆண்டு முதல், எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற அம்மையாரின் மேற்பார்வையில், மருத்துவச்சிகளும் சுகாதாரப் பெண்மணிகளும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் பிறந்தபோதும் ஒரு வயது முடிந்தபோதும் எழுதிவைத்தார்கள். தாய்ப்பால் குடித்ததா, ஒரு வயதில் எத்தனை பல் முளைத்திருந்தது என்பன போன்ற விவரங்களும் அப்பேரேடுகளில் உண்டு. அவற்றை எழுதியவர்களுக்கு, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அவை எதற்குப் பயன்படும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

டேவிட் பார்க்கர் என்ற வைத்தியரும் கிளைவ் ஆஸ்மண்ட் என்ற புள்ளியியலாளரும் 1986-இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1920-களில் சிசு மரணம் அதிகமாக இருந்த ஏழைப் பிரதேசங்கள் எவையோ, அவற்றிலேயே அரை நூற்றாண்டுக்குப் பின் மாரடைப்பு மரணமும் அதிகமாக இருந்தது. செல்வந்தரின் நோய் என்று கருதப்பட்டது ஏழைகள் பிறந்து வளர்ந்த இடங்களில் ஏன் மிகுந்திருக்கவேண்டும் என்ற வினா அவர்களை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பேரேடுகளிடம் கொண்டுசேர்த்தது. அங்கே 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆடவர்களைத் தேடிப் பார்த்தபோது, பிறப்பிலும் முதல் வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே இருதய நோயால் மிகுதியாக மாண்டிருந்தார்கள் என்று 1989-இல் வெளியிட்டார்கள். நிக்கோலஸ் ஹேல்ஸ் என்பவரோடு சேர்ந்து 1991-இல் செய்த ஆய்விலே, எடை குறைந்து பிறந்த ஆடவர்களிடம் முதுமையில் குளுக்கோஸைச் சமாளிக்கும் திறனும் குன்றியிருந்தது கண்டார்கள்.

வெள்ளையர் தேசத்துக் கதை நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்களானால், அந்த ஐயத்துக்கு நம் பக்கத்து மைசூரிலேயே விடை இருந்தது. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையின் பிரசவ அறையில் 1934 முதல் ஒவ்வொரு சிசுவின் எடையும் நீளமும் தலைச்சுற்றளவும் குறிக்கப்பட்டு வந்தன. அந்த ஏடுகளைக் கொண்டு, காரோலின் ஃபால் என்ற ஆங்கில வைத்தியரும் மைசூர் வைத்தியர்களும், அங்கே 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்து அவ்வூரிலேயே வாழ்ந்துவந்தவர்களில் 517 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். ஐந்தரை பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவாகப் பிறந்தவர்களிடம் நூற்றுக்கு 11 பேருக்கு இருதயத் தமனி நோய் இருந்தது. ஏழு பவுண்டுக்கு மேல் பிறந்தவர்களிடம் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருந்தது. இது 1996-இல் வெளியாயிற்று.

2. கருவில் நடப்பது என்ன

வளர்ச்சி குறுக்கப்படுதல் என்றால் குழந்தை சின்னதாகப் பிறப்பது மட்டும் அன்று. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையும் சிறியதாகவே இருக்கும், அது வேறு. தனக்கு இயல்பாக வாய்த்திருக்கவேண்டிய வளர்ச்சியைக் கருப்பையில் எட்ட இயலாமல் போன சிசுவைப் பற்றியே நான் பேசுகிறேன். தாயின் உணவுக் குறைவு இதற்கு ஒரு காரணம். அவள் தேகமே குட்டையாகவும் மெலிந்தும் இருப்பது, சோகை, கர்ப்பகால இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் பாயாமை, தொற்று நோய்கள், புகையிலை, வயதுக்கு முந்திய கர்ப்பம், ஓய்வில்லாத உழைப்பு ஆகியனவும் காரணங்கள். இத்தனைக்கும் தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது அநியாயம்.

கிடைக்கும் ஆகாரமும் பிராணவாயுவும் குறையும்போது, சிசுவின் தேகம் உள்ளதை வைத்து ஒரு பங்கீடு செய்துகொள்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தத்தை முதலில் காத்துக்கொண்டு, ஈரல், கணையம், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் பங்கைச் சுருக்குகிறது. உயிர் தப்புவதற்கு அது உத்தமமான ஏற்பாடு. ஆனால் உறுப்புகள் உருவாவதற்கென்று குறித்த காலங்கள் உண்டு. அவை கடந்தபின் திரும்புவதில்லை. மனிதனின் சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஏறத்தாழ முப்பத்தாறாம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. ஒருவருக்கு ஒரு சிறுநீரகத்தில் இரண்டு லட்சம் இருக்கலாம், மற்றொருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேலும் இருக்கலாம். குறைவாகப் பெற்றவரின் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றும் மிகுதியாக உழைத்துத் தேய, இரத்த அழுத்தம் ஏறுவதற்கு வழி உண்டாகிறது என்பதை பாரி பிரென்னர் முதலியோர் 1988-இலேயே எடுத்துரைத்தார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் அடிப்படைச் சேமிப்பும் பெரும்பாலும் கருவிலும் முதல் சில ஆண்டுகளிலும் அமைவது. இன்சுலினுக்குக் கட்டுப்பட்டுச் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் பிரதான இடம் தசை. அதுவோ பங்கீட்டில் கடைசியாகப் பெற்றது.

இவற்றோடு, தாயின் மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசோல் சிசுவை அதிகமாகச் சென்றடையாதபடி நஞ்சிலே ஒரு நொதி தடுத்துநிற்கிறது; நஞ்சு தளர்ந்தால் அத்தடுப்பும் தளர்கிறது. மரபணுக்களின் எழுத்து மாறாமலே அவற்றை இயக்கும் அடையாளங்கள் மாறுவதும் உண்டு. ஹாலந்தில் 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய முற்றுகையால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவான பங்கீடே கிடைத்த மாதங்களில் கருவாக உருவான சிசுக்கள், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வளர்ச்சி மரபணுவின் மேல் அந்தப் பட்டினியின் அடையாளத்தைத் தாங்கியிருந்ததை 2008-இல் எடுத்துக்காட்டினார்கள். கருவுற்ற தொடக்க மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களின் பிறப்பெடை பெரும்பாலும் குறையவில்லை என்பதும், ஆயினும் அவர்களிடமே பிற்காலத்தில் இருதய நோய் மிகுந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. எடை என்பது கருவில் நடந்ததன் ஓர் அடையாளம் மட்டுமே. முழுச் சரித்திரம் அன்று.

3. மெலிந்த உருவமும் மறைந்த கொழுப்பும்

இப்போது அந்தச் செருப்பிழந்த அம்மாளிடம் வருகிறோம். புனே கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், 1993 முதல் அந்நகரை அடுத்த ஆறு கிராமங்களில் கருவுற்ற பெண்களையும் அவர்கள் ஈன்ற குழந்தைகளையும் பின்தொடர்ந்து வருகிறார். அக்கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவற்றோடு ஒப்பிட்ட இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. வியப்பு இதில் இல்லை. அளவெடுப்பவர் பிறந்த குழந்தையைச் சற்றே புரட்டி, முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே உள்ள தோலை இரண்டு விரல்களால் மெல்லக் கிள்ளி எடுத்து, அந்த மடிப்பின் கனத்தைக் கருவியால் அளக்கிறார். கை, வயிறு, தசை எல்லாம் மிகவும் சுருங்கியிருந்த அந்தச் சிறு உடம்பில், இந்த மடிப்பு மட்டும் ஆங்கிலக் குழந்தையின் மடிப்புக்கு அதிகம் குறையாமல் இருந்தது. தசையைத் துறந்து கொழுப்பைக் காத்துக்கொண்டு பிறந்திருக்கிறது குழந்தை! இது 2003-இல் வெளியானபோது, பலர் பல காலம் கண்டும் காணாத ஒன்றுக்கு ஓர் உருவம் கிடைத்தது.

யாஜ்னிக் தம் உடம்பையே உதாரணமாகக் காட்டியதும் பிரசித்தம். அவருக்கும் அவர் நண்பரான ஆங்கில வைத்தியர் ஜான் யட்கினுக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3, ஆனால் கொழுப்பு ஒருவருக்கு நூற்றுக்கு 9.1, மற்றவருக்கு 21.2. எவருக்கு எது என்பதை நீங்களே ஊகிக்கலாம். எடையைத் தராசில் பார்த்துவிட்டு "உனக்குச் சர்க்கரை வராது" என்று ஓர் ஒல்லியான கரிசல் விவசாயிக்கு உறுதிமொழி அளிக்கும் வைத்தியர் தவறு செய்கிறார் என்பதை இதற்கு மேல் நிரூபிக்கவேண்டியதில்லை. நம் ஜனங்களுக்கு இடுப்பளவு, தராசைவிட நம்பத்தக்க சாட்சி.

4. கருவில் குறைவும் பின்னர் மிகுதியும்

கருவில் வளர்ச்சி குறைந்தவர் எல்லாரும் நோயாளியாவதில்லை. லெனின்கிராட் நகரத்தை 1941 முதல் 1944 வரை முற்றுகையிட்டிருந்தபோது பிறந்தவர்களைப் பிற்காலத்தில் சோதித்தார்கள். ஹாலந்தில் பட்டினியின்போது கருவிலிருந்தவர்களிடம் கண்டதைப் போன்ற சர்க்கரைக் கோளாறு அவர்களிடம் காணப்படவில்லை. இதை விளக்குபவர்கள் சொல்வது: ஹாலந்தில் பட்டினி சில மாதங்களில் முடிந்து உடனே நிறைவு வந்தது, லெனின்கிராடில் முற்றுகைக்கு முன்னும் பின்னும் தட்டுப்பாடு நீடித்தது. குறைவுக்கென்று தன்னை அமைத்துக்கொண்ட தேகம் குறைவிலேயே வாழ்ந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது.

இதை உங்களுக்கு விளக்க நம் புஞ்சையைவிடச் சிறந்த இடம் இல்லை. புரட்டாசியில் விதைத்த சோளத்துக்கு ஐப்பசி மழை குறைந்தால், அது இலையைச் சுருட்டி, வேரை ஆழமாக விட்டு, உள்ள ஈரத்துக்கேற்பத் தன் வளர்ச்சியைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ கதிர் வாங்கிவிடும். அப்படி உயிர் பிழைத்த வெள்ளாமையின் மேல், கதிர் முற்றி நிற்கும் தை மாதத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால், கதிர் கறுத்துப் பூஞ்சணம் ஏறிக் களத்துக்கு வராமலே போகும். வறட்சியால் சாகாத பயிர், பருவம் தப்பிய மழையால் சாகிறது.

டில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து வைத்திருந்தார்கள். அவர்களில் 1,492 பேரை இருபத்தாறு முதல் முப்பத்திரண்டு வயதுக்குள் சோதித்து, 2004-இல் பார்கவாவும் சச்தேவும் அவர்தம் தோழர்களும் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள் இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். இரண்டு வயதுக்குப் பின் பன்னிரண்டு வயது வரை உயரத்துக்கு மிஞ்சிய எடையில் தங்கள் கூட்டத்தாரை முந்திக்கொண்டு ஏறியவர்கள். ஆனாலும் பன்னிரண்டு வயதில் அவர்களில் எவரும் பருமனானவர் அல்லர். பார்த்த கண்ணுக்கு அவர்கள் தேறிவரும் பிள்ளைகளாகவே தெரிந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆய்வு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அளந்து வைத்தார்கள். அவர்கள் வாலிபரானபோது 2,218 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். முப்பது வயதை ஒட்டிய அந்த இளைஞர்களிடமே, நகரத்தாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கும் கிராமத்தாரில் 14 பேருக்கும் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குன்றியிருந்தது. அங்கேயும் சிறு வயதில் மெலிந்து, வாலிபத்தில் வேகமாகப் பருத்தவர்களே அதிகமாகச் சிக்கினார்கள். கிராமத்துப் பையன் பட்டணத்து வேலைக்குப் போய், உடலுழைப்பு நின்று, மூன்று வேளையும் பாலிஷ் செய்த அரிசியும் மைதாவும் எண்ணெய்ப் பலகாரமும் உண்ணும் வாழ்க்கைக்கு மாறும்போது நேர்வது இதுவே. நம் வட்டாரத்தில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் வீட்டு அடுப்பிலிருந்து இறங்கிய வேகத்தை எண்ணிப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு யாரும் வந்துவிடக்கூடாது. சிறியதாகப் பிறந்த குழந்தையைச் சிறியதாகவே விட்டுவிடலாம் என்று பொருள் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் தாய்ப்பாலோடும் தக்க உணவோடும் நேரும் வளர்ச்சி உயரத்துக்கும் அறிவுக்கும் நன்மையே செய்கிறது. அந்த வயது தாண்டியபின் "பிள்ளை மெலிந்திருக்கிறதே" என்ற கவலையில் இனிப்பையும் பொட்டலத் தின்பண்டங்களையும் திணிப்பதே தீங்கு.

5. எதிர்வாதங்கள்

இக்கொள்கையை எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஏழ்மையிலே சிறியதாகப் பிறந்தவர் ஏழ்மையிலேயே வளர்கிறார். நோய்க்குக் காரணம் கருவா, பின்வந்த ஏழ்மையா என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று என்பது ஓர் ஆட்சேபம். அது நியாயமானது, எனினும் ஹாலந்துப் பட்டினி செல்வர் ஏழை என்று பாராமல் ஒரு பிரதேசத்தையே தாக்கியது ஆகையால், அதன் சாட்சி இந்த ஆட்சேபத்தைப் பெரும்பாலும் தாண்டி நிற்கிறது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவின் பயாஃப்ரா யுத்தப் பஞ்சத்தில் பிறந்தவர்களிடமும் நாற்பது வயதில் இரத்த அழுத்தமும் சர்க்கரைக் கோளாறும் மிகுந்திருந்தன.

மற்றோர் ஆட்சேபம் மரபணு பற்றியது. இன்சுலின் சிசுவுக்கு வளர்ச்சி ஊக்கியும் ஆகும். எனவே இன்சுலினைக் குறைக்கும் மரபணு ஒன்றே, சிசுவைச் சிறுக்கவும் வைத்துப் பின்னாளில் சர்க்கரையையும் உண்டாக்கலாம் என்றார் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி. குளுக்கோகைனேஸ் மரபணுவில் பிறழ்வு உள்ள சிசுக்கள் ஏறத்தாழ அரைக் கிலோ எடை குறைந்து பிறப்பதை 1998-இல் காட்டினார். அதுவும் உண்மை. ஒன்றை ஏற்பதற்கு மற்றொன்றை மறுக்கவேண்டியதில்லை; ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தில் நோய் ஒன்றரை மடங்கை நெருங்கி ஏறுமாயின், மரபணுவால் மட்டும் அதை விளக்கமுடியாது, மரபணு அத்தனை விரைவில் மாறுவதில்லை.

6. மகளிடமிருந்து பேத்திக்கு

இருதய நோயைப் பொறுத்தவரை ஆங்கில ஆய்வோடு ஒத்துப்போன மைசூர், சர்க்கரை வியாதியில் எதிர்பாராத விடை தந்தது. 1998-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை வியாதி மிகுந்திருந்தது குட்டையாகவும் கொழுத்தும் பிறந்தவர்களிடம். அவர்களின் தாய்மாரோ எடை மிகுந்தவர்கள். ஆராய்ச்சியாளர் இதற்கு அளித்த விளக்கம் என் சிந்தனையை மிகவும் கவர்ந்தது. வளர்ச்சி குன்றிப் பிறந்த பெண், வளர்ந்து சற்றே எடை ஏறித் தாயாகும்போது, கர்ப்பத்தின் சுமையைத் தாங்கும் அளவுக்கு அவள் கணையத்தில் சேமிப்பு இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வருகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சைக் கடந்து சிசுவைக் கொழுக்க வைக்கிறது. அந்தச் சிசுவும் பிற்காலத்தில் நோய்க்கு ஆளாகிறது. பாட்டி அனுபவித்த பஞ்சம் பேத்தியிடம் கொழுப்பாக வந்து நிற்கிறது. அதனால்தான் சென்னையில் டாக்டர் வி. சேஷையா, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், அவர்கள் சாப்பிட்டு வந்திருந்தாலும் வராவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் பார்க்கும் எளிய முறையை வகுத்து, அதை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசெல்லத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். வெறும் வயிற்றோடு விடியலில் பேருந்து ஏறி வரமுடியாத கிராமத்துப் பெண்ணை மனத்தில் வைத்து வகுத்த முறை அது.

7. நாம் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களின் சரித்திரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு போக்கு புலனாகும். 1956-இல் இங்கிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது, அது பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்கு, அதாவது ஐந்தாறு வயதை எட்டியவருக்குக் கிடைத்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அது இரண்டு வயதுப் பிள்ளைக்கும் எட்டியது. அதற்கு முன்னரே 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது, கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்டது. 1987-இல் தோன்றிப் பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கிய மகப்பேறு உதவி, இன்று 18,000 ரூபாய் மதிப்பில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கர்ப்பிணியைச் சேர்கிறது. பள்ளிப் பிள்ளையிடமிருந்து தவழும் பிள்ளைக்கும், அதனிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குமாக நம் அரசாங்கத்தின் கவனம் வயதில் இறங்கி வந்திருக்கிறது. எஞ்சியிருப்பது இன்னும் ஒரு படி: கருவுறுவதற்கு முன்.

இவற்றுக்குப் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஹைதராபாத் அருகே உள்ள 29 கிராமங்களின் சாட்சியைச் சொல்கிறேன். 1987 முதல் 1990 வரை அவற்றுள் சில கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த உப்புமா தரப்பட்டது. மற்றவற்றில் அத்திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. கர்ப்பிணிக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்நூறு கலோரி, பெரிய விருந்தன்று. அக்குழந்தைகள் பதின்வயதை எட்டியபோது சோதித்ததில், உப்புமா பெற்ற கிராமங்களின் பிள்ளைகள் சற்று உயரமாக இருந்ததோடு, இன்சுலினுக்குக் கட்டுப்படாத தன்மை அவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைந்திருந்தது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் நடந்த மற்றோர் ஆய்வில், கீரையும் பழமும் பாலும் சேர்ந்த சிற்றுண்டியைக் கருவுறுமுன்பே தொடங்கிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கியவர்களின் குழந்தைகளுக்கு எடை சுமார் 48 கிராம் கூடியது. அது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நூற்றுக்கு 12 பேரிலிருந்து 7 பேராகக் குறைந்தது. சற்றுமுன் நான் விவரித்த சுழல் அவ்விடத்திலேதான் அறுபடுகிறது.

நம் வீடுகளுக்குள் நடப்பதையும் சொல்லவேண்டும். "வயித்துப் பிள்ளை பெருத்துட்டா பேறுகாலம் கஷ்டமாயிரும், பார்த்துச் சாப்பிடு" என்று மருமகளுக்குச் சொல்லும் மாமியார்கள் இந்தச் சீமையில் இன்னும் இருக்கிறார்கள். தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்து, மருத்துவச்சியின் கையே கதியாக இருந்த காலத்தில் பிறந்த பயம் அது. அந்தப் பயத்தை நான் இகழமாட்டேன். இன்று ஆயுதப் பிரசவத்துக்கும் அறுவைக்கும் வசதி அருகிலேயே இருப்பதால் அந்தப் பத்தியத்துக்குத் தேவை இல்லை. தாய்மார்களே, ஏழாம் மாதம் வளைகாப்புக்குக் கட்டுச்சோறு ஏழு வகை கட்டுகிறீர்கள். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த முதல் மாதத்திலேயே ஒரு முட்டையும், ஒரு கை உளுந்தும் பாசிப்பயறும், ஒரு கட்டுக் கீரையும் அவள் தட்டுக்கு வரட்டும். கல்யாணத்துக்கு முன்பே, தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் காலையில் வெறும் தேநீரோடு கிளம்பும் உங்கள் மகளின் தட்டுக்கும் வரட்டும். கடலை மிட்டாய்க்கு நாடெங்கும் பெயர்பெற்ற ஊரில், கடலை விளைவித்தவர் வீட்டுப் பெண் சோகையோடு கல்யாண மேடை ஏறக்கூடாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள், இங்கே வந்திருக்கும் வைத்திய அதிகாரிகளுக்கும் செவிலியர்க்கும். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், இந்த மண்ணில் எந்தப் பயிருக்கு எவ்வளவு மழை கிடைத்தது, எவ்வளவு விளைந்தது என்று நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம். இந்த மண்ணில் பிறந்த மனிதருக்கும் அவ்வாறு செய்வது கடினமன்று. பிரசவ அறைப் பதிவேடுகள் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கின்றன. குறித்த காலம் கடந்தால் அவை அலமாரியிலிருந்து மூட்டையாகிப் பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. அவற்றை அழிக்காமல் காத்துவையுங்கள். இப்போது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் பதிவெண்ணோடு குழந்தையின் எடையை மட்டுமின்றி, நீளம், தலைச்சுற்றளவு, தாயின் உயரம், கருவுற்ற தொடக்கத்தில் தாயின் எடை, இரத்தச் சிவப்பணுச் சத்து, குளுக்கோஸ் சோதனையின் முடிவு, அந்த ஆண்டு அவ்வூரில் பெய்த மழையளவு ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழந்தைகளைத் தேடிப்பிடித்துச் சோதிக்கப் போகிறவர் இன்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்தப் பக்கங்கள் தேவைப்படும்.